விதிக்குள் இருக்கும் ஊகம்

2020 பிப்ரவரி முதல் வாரம். ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் என்ற சொகுசுக் கப்பலில் பயணிகளுக்கு வெப்பமானிகள் வழங்கப்பட்டன. உடல்வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே கப்பலின் மருத்துவ மையத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். தொடாதவரை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத உள்ளறைகளில் இருந்தவர்களை மட்டும் குழுக்குழுவாக, முகக்கவசத்துடன், சிறிது நேரம் மேல்தளத்தில் நடக்க விட்டார்கள். உணவு கதவுக்கு வந்தது. கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடாகத்தான் இருந்தது.

அந்த 37.5 என்ற எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். வெறும் எண் இல்லை அது. காய்ச்சல் இருப்பவரிடம் கிருமி இருக்கிறது, காய்ச்சல் இல்லாதவரிடம் இல்லை என்ற ஊகம் அதற்குள் இருக்கிறது. தொற்றுநோய்க் காலத்தில் போடப்படும் எந்த விதியைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இப்படி ஓர் ஊகம் கிடைக்கும்: யார் பரப்புகிறார், எந்த வழியாகப் பரவுகிறது, யாருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, யாரை நாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். 2020 முதல் 2022 வரை கப்பல் பயணிகளுக்கான விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. மாதத்துக்கு ஒன்றாக மாறும் விதியைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் ஏராளம். அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின் போதும் எந்த ஊகம் உடைந்தது என்று தேடினால், அந்த இரண்டரை ஆண்டுகளில் மனிதர்கள் ஒரு புதிய கிருமியைப் புரிந்துகொண்ட வரலாறே கையில் கிடைத்துவிடுகிறது.

காய்ச்சலை நம்பியது முட்டாள்தனம் அல்ல. 2003இல் சார்ஸ் நோய் ஆசியாவை உலுக்கியபோது வெப்பமானி உண்மையிலேயே உதவியது. சார்ஸ் நோயாளியிடமிருந்து கிருமி அதிகமாக வெளியேறியது அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான். காய்ச்சல் வந்தவரைப் பிரித்து வைத்தால் சங்கிலி அறுந்தது. சில மாதங்களிலேயே அந்த நோய் அடக்கப்பட்டது. புதிய கிருமியும் அதே கொரோனா குடும்பம்தான். ஆகவே அதுவும் அப்படியே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். இதுவோ முதல் அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே மூக்கிலும் தொண்டையிலும் பெருகி, அடுத்தவரிடம் தாவிக்கொண்டிருந்தது. வெப்பமானி சிவப்பு காட்டும் நேரத்தில் பரவல் பாதி முடிந்திருக்கும்.

டைமண்ட் பிரின்சஸ் ஜனவரி 20 அன்று யோகோஹாமாவிலிருந்து கிளம்பியது. ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிவிட்ட 80 வயதுப் பயணி ஒருவருக்கு, பிப்ரவரி 1 அன்று தொற்று உறுதியானது. கப்பல் பிப்ரவரி 3 மாலை யோகோஹாமா திரும்பியது. பிப்ரவரி 5 அன்று அறையடைப்பு தொடங்கியது. பயணிகள் 2,666 பேர், பணியாளர்கள் 1,045 பேர், மொத்தம் 3,711 பேர். முதலில் அறிகுறி உள்ளவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என 273 பேரிடம்தான் மாதிரி எடுத்தார்கள். முதலில் வந்த 31 முடிவுகளில் 10 பேருக்குத் தொற்று. மூன்றில் ஒருவர்! அந்த நாளே ஏதோ ஒன்று கணக்கில் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஆனால் எல்லோரையும் பரிசோதிக்க ஆய்வகங்களுக்குச் சக்தி இல்லை. முதியவர்களிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லத்தான் மற்றவர்களிடம் போனார்கள்.

பிப்ரவரி 20 வரை செய்யப்பட்ட 3,063 பரிசோதனைகளில் 634 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. அவர்களில் 328 பேருக்கு மாதிரி எடுத்த வேளையில் எந்த அறிகுறியும் இல்லை. பாதிக்கு மேல்! இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். இன்று அறிகுறி இல்லாதவருக்கு நாளை மறுநாள் இருமல் வரலாம். அப்படி வரவிருப்பவர்களைக் கழித்துவிட்டு, கடைசிவரை அறிகுறியே இல்லாமல் போகிறவர்கள் எவ்வளவு பேர் என்று கணித ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது ஏறக்குறைய 18 சதவீதம் என்று வந்தது. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகக் குழப்பி அன்று பல செய்திகள் வந்தன. விதி வகுப்பவருக்கு இரண்டுமே தேவை. கடைசிவரை நலமாக இருப்பவர் எத்தனை பேர் என்பது நோயின் கடுமையைச் சொல்கிறது. இந்த நிமிடம் நலமாகத் தெரிகிறவர் எத்தனை பேர் என்பதோ, வெப்பமானியை நம்பினால் எவ்வளவு பேரைத் தவறவிடுவோம் என்பதைச் சொல்கிறது.

காய்ச்சல் ஊகத்தை முற்றாக உடைத்தது வேறொரு சிறிய கப்பல். கிரெக் மார்ட்டிமர் 2020 மார்ச் நடுவில் அர்ஜென்டினாவின் உஷுவாயா நகரிலிருந்து அண்டார்டிக் கடலுக்குக் கிளம்பியது. ஏறும் முன் உடல்நிலைச் சோதனை நடந்தது. சீனா போன்ற, அப்போது தொற்று மிகுந்திருந்த நாடுகள் வழியாக அண்மையில் வந்தவர்களை ஏற்றவில்லை. தினமும் உடல்வெப்பம் பார்த்தார்கள். முதல் காய்ச்சல் எட்டாம் நாள்தான் தெரிந்தது. உடனே எல்லோரையும் அறைக்குள் வைத்தார்கள். கடைசியில் கப்பலில் இருந்த 217 பேரையும் பரிசோதித்தபோது 128 பேருக்குத் தொற்று; அந்த 128 பேரில் 81 சதவீதத்தினருக்கு அறிகுறியே இல்லை. ஒரே அறையில் படுத்திருந்த இருவரில் ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை என்று முடிவு வந்த அறைகளும் பத்து இருந்தன. ஆய்வை எழுதிய மருத்துவர்கள், பரிசோதனையே சிலரைத் தவறவிட்டிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். நிலத்தில் ஒரு நகரத்தில் இப்படி எல்லோரையும் ஒன்றுவிடாமல் பரிசோதித்துப் பார்க்க முடியாது. கப்பலில் முடிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது துயரம். வெளியே இருந்த உலகத்துக்கு அது பாடம்.

அடுத்த எண் 14. பதினான்கு நாள் தனிமை என்ற விதி எங்கிருந்து வந்தது? கிருமி உடலுக்குள் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையே சராசரியாக ஐந்து நாள் ஆகிறது என்றும், அறிகுறி வரப்போகிறவர்களில் 97.5 சதவீதத்தினருக்கு 11.5 நாளுக்குள் வந்துவிடுகிறது என்றும் தொடக்ககால ஆய்வுகள் காட்டின. அதற்கு மேல் கொஞ்சம் இடம்விட்டு 14 என்று வைத்தார்கள். அறிவியலில் பழுதில்லை. ஆனால் அந்தப் பதினான்கு நாளும் ஒருவர் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகாமல் இருக்க வேண்டும். ஆளானால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பிப்ரவரி 5 முதல் 19 வரை அறையில் இருந்த பயணிகளை ஜப்பான் கரையிறக்கியபோது, அவர்களில் பலர் பொதுப் போக்குவரத்தில் வீடு திரும்பினார்கள். பிறகு அவர்களில் சிலருக்குத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களது பதினான்கு நாள் உண்மையில் எப்போது தொடங்கியது?

இந்தக் கேள்விக்கு விடை பயணிகளின் தளங்களில் இல்லை. கப்பலின் மூன்றாம் தளத்தில் இருந்தது.

அங்கேதான் பணியாளர்கள் பலரின் அறைகள் இருந்தன. அறையைப் பகிர்ந்துகொண்டார்கள், குளியலறையைப் பகிர்ந்துகொண்டார்கள், ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டார்கள். பயணிகளை அறைக்குள் அடைத்த நாளிலிருந்து இவர்களுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு மூன்று வேளை உணவைச் சமைத்து, தட்டில் வைத்து, கதவுகதவாகக் கொண்டுபோய்க் கொடுத்து, எச்சில் தட்டை வாங்கிவந்தவர்கள் இவர்கள்தான். பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான பணியாளர்கள் 20 பேர். அவர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். 16 பேரின் அறை மூன்றாம் தளத்தில். பதினான்கு நாள் தனிமை இவர்களுக்குத் தொடங்கவே இல்லை. பயணிகளைப் பாதுகாக்க வகுத்த விதி, பாதுகாக்கும் கைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் பயணிகளையும் அது முழுதாகப் பாதுகாக்கவில்லை.

அந்தக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர். 132 பேர் பணியாளர்கள். பயணிகள் வெறும் ஆறு பேர். தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். எங்களைத் தனியே பிரித்து வையுங்கள், பரிசோதனை செய்யுங்கள் என்று கப்பலுக்குள்ளிருந்து கைபேசியில் பேசி அனுப்பிய காணொளிகள் நம் செய்தித் தொலைக்காட்சிகளில் வந்தன. அவர்கள் கேட்டது ஒரு சலுகையை அல்ல. தொற்றியலின் அடிப்படைப் பாடம் எதைச் சொல்கிறதோ அதையேதான் கேட்டார்கள். பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானம் 119 இந்தியர்களைத் தில்லிக்குக் கொண்டுவந்தது. தொற்று உறுதியான 16 பேர் ஜப்பானிய மருத்துவமனைகளில் சிகிச்சையில் இருந்தார்கள்.

பிப்ரவரி 18 அன்று கோபே பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய்ப் பேராசிரியர் கென்டாரோ இவாடா கப்பலுக்குள் சென்று பார்த்தார். எபோலா, சார்ஸ் நோய்க் களங்களில் பணியாற்றியவர் அவர். வெளியே வந்ததும் ஒரு காணொளி வெளியிட்டார். தொற்றுள்ள பகுதி எது, தூய பகுதி எது என்ற எல்லையே உள்ளே இல்லை என்பதுதான் அவர் சொன்ன முதன்மையான குறை. நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறோமே, அதுபோல ஒரு கோடு தொற்றுநோய் வார்டில் இருந்தாக வேண்டும். கவச உடை எங்கே கழற்றப்படுகிறது, அதைத் தாண்டி எதைக் கொண்டுவரலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கப்பல் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஜப்பானிய அதிகாரிகள் அவரை மறுத்துப் பேசினார்கள். அவரும் பிறகு அந்தக் காணொளியை நீக்கினார். ஆனால் கப்பலில் பணியாற்றப் போன அரசு அலுவலர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் தொற்று ஏற்பட்டது உண்மை.

ஜப்பான் மீது மட்டும் குறைசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கப்பல் பிரிட்டனில் பதிவானது, நடத்தியது அமெரிக்க நிறுவனம், கேப்டன் இத்தாலியர், நின்றது ஜப்பானின் கடலில். யார் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லாத நிலையில், 3,700 பேரைக் கரையில் தனித்தனி அறைகளில் தங்கவைக்க உடனே எந்த நாட்டால் முடிந்திருக்கும்? ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழக ஆய்வாளர் யோவாக்கிம் ராக்லோவ் குழு போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அறையடைப்பே செய்யாமல் விட்டிருந்தால் பிப்ரவரி 19க்குள் 2,920 பேருக்குத் தொற்றியிருக்கும். பிப்ரவரி 3 அன்றே எல்லோரையும் இறக்கியிருந்தால் 76 பேரோடு நின்றிருக்கும். நடந்தது, இறுதிக் கணக்கில், 712. மாதிரிக் கணக்குதான், ஒவ்வோர் இலக்கத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அறையடைப்பு பயனற்றது என்று சொல்பவருக்கும், அதுவே போதும் என்று சொல்பவருக்கும் ஒரே நேரத்தில் அது பதில் சொல்கிறது.

பரவும் வழியைப் பற்றிய ஊகம் உடைய இன்னும் நாளானது. கப்பல் தொழிலுக்குப் பழைய எதிரி ஒன்று உண்டு: நோரோவைரஸ். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கப்பல் முழுவதையும் படுக்கவைக்கும் கிருமி. அது கை வழியாகவும் பரப்புகள் வழியாகவும் பரவுவது. அதனால் கைப்பிடியைத் துடை, கையைக் கழுவு, விருந்து மேசையில் கரண்டியைப் பயணி தொடாதபடி பார்த்துக்கொள் என்ற பழக்கம் கப்பல்களில் ஊறிப்போயிருந்தது. புதிய கிருமி வந்ததும் அதே துடைப்புதான் முதலில் கைக்கு வந்தது. பயணிகள் காலி செய்து 17 நாள் கழித்தும், கிருமிநீக்கம் செய்யாத அறைகளின் பரப்புகளில் வைரஸின் ஆர்என்ஏ தடயம் இருந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையமான சிடிசி மார்ச் மாதம் எழுதியது. படித்தவர்கள் நடுங்கினார்கள். தடயம் இருப்பதும் உயிருள்ள, தொற்றக்கூடிய வைரஸ் இருப்பதும் வேறுவேறு என்ற விளக்கம் பலரை எட்டவே இல்லை. இதற்கிடையே, அதே டைமண்ட் பிரின்சஸின் தரவுகளை வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று பரவல் வழிகளைக் கணக்கிட்டது. காற்றில் மிதக்கும் நுண்திவலைகளே பாதிக்கு மேற்பட்ட பரவலுக்குக் காரணம் என்று அந்தக் கணக்கு சொன்னது. பின்னாளில் திரும்பவும் ஓடத்தொடங்கிய கப்பல்கள், வெளிக்காற்றை அதிகம் உள்ளே இழுப்பதையும் வடிகட்டிகளை மாற்றுவதையும் பெரிதாகச் சொல்லிக்கொண்டது இதனால்தான்.

துறைமுகங்கள் தம் பங்குக்கு இன்னோர் ஊகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன: நோய், கப்பல் தொட்டுவந்த நாட்டைப் பொறுத்தது. ஹாங்காங்கிலிருந்து கிளம்பிய வெஸ்டர்டாம் கப்பலை ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, அமெரிக்காவின் குவாம் தீவு எல்லாமே ஏற்க மறுத்தன. பொதுச் சுகாதாரக் காரணத்துக்காகக் கப்பலைத் துறைமுகத்தில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்று சர்வதேசச் சுகாதார ஒழுங்குமுறை சொல்கிறது. வசதி இல்லாத துறைமுகம் பொருத்தமான வேறு துறைமுகத்துக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். கையெழுத்திட்ட நாடுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் கம்போடியாவின் சிஹானூக்வில் பிப்ரவரி 13 அன்று இடம் கொடுத்தது. பிரதமர் ஹுன் சென் நேரில் வந்து பூ கொடுத்து வரவேற்றார். இறங்கி மலேசியா சென்ற 83 வயதுப் பெண் ஒருவருக்குத் தொற்று என்று முடிவு வந்ததும் உலகமே கம்போடியாவைத் திட்டியது. பிறகு அந்த முடிவே தவறு என்று தெரியவந்தது.

சிட்னியில் நடந்தது இதற்கு நேர்மாறு. மார்ச் 19 அன்று ரூபி பிரின்சஸ் வந்து சேர்ந்தபோது, அது நியூசிலாந்துக்கு மட்டும் போய்வந்த கப்பல் என்பதால் ஆபத்து குறைவு என்று மாநிலச் சுகாதாரத் துறையின் குழு மதிப்பிட்டது. சிலரிடம் எடுத்த மாதிரிகளின் முடிவு வருமுன்பே சுமார் 2,650 பயணிகள் இறங்கி நாடெங்கும், நாடு கடந்தும் போய்விட்டார்கள். அந்தப் பயணத்தோடு தொடர்புடைய இறப்புகள் 28. விசாரணை ஆணையம் நடத்திய பிரெட் வாக்கர் ஆகஸ்டில் தந்த அறிக்கையில், முடிவுக்குக் காத்திருக்காததை மன்னிக்க இயலாத தவறாகவே கண்டார். சில வார இடைவெளியில், தொற்றில்லாத கப்பலுக்குக் கதவு மூடப்பட்டது, தொற்றுள்ள கப்பலுக்குக் கதவு திறக்கப்பட்டது. தேசப்படத்தைப் பார்த்து ஆபத்தை அளந்ததன் விளைவு.

மார்ச் 14 அன்று சிடிசி, கப்பல்கள் பயணிகளோடு கிளம்பக் கூடாது என்ற தடையாணையைப் பிறப்பித்தது. மூன்று முறை நீட்டித்து அக்டோபர் 31 வரை வைத்திருந்தது. பயணிகள் வீட்டுக்குப் போனார்கள். பணியாளர்கள் போகவில்லை. ஏப்ரலில் அமெரிக்கக் கரைகளை ஒட்டி மட்டும் ஏறக்குறைய 100 கப்பல்களில் 80,000 பேர் காத்திருந்தார்கள். அவர்களை வழக்கமான விமானங்களில் அனுப்பக் கூடாது, தனி வாகனமும் தனி விமானமும் வேண்டும் என்பது விதி. நிறுவனங்கள் செலவைப் பார்த்துத் தயங்கின. மும்பைக்கு அப்பால் கடலில் நின்ற மரெல்லா டிஸ்கவரியிலிருந்து 140க்கும் மேற்பட்ட இந்தியப் பணியாளர்கள் கரையேற ஏப்ரல் 23 ஆயிற்று. கப்பல் ஊழியர்கள் ஏறுவதற்கும் இறங்குவதற்குமான நடைமுறையை அரசு அதற்கு இரு நாள் முன்புதான் வெளியிட்டிருந்தது. சொந்த நாட்டின் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், எந்த விதியின் கீழ் இறங்குவது என்று தெரியாமல் காத்திருந்தவர்கள் அவர்கள்.

அக்டோபர் 30 அன்று தடைக்குப் பதிலாக நிபந்தனையுடன் கூடிய அனுமதி வந்தது. விதி வகுப்பதில் அறிவியல் மனம் முழுதாகத் தெரிவது இந்த ஆணையில்தான். ஒவ்வொரு கப்பலும் தனக்குள் ஆய்வக வசதி வைத்திருக்க வேண்டும். பணியாளர்களை முறையாகப் பரிசோதிக்க வேண்டும். பிறகு தன்னார்வலர்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஒத்திகைப் பயணம் போக வேண்டும். கொள்ளளவில் குறைந்தது 10 சதவீதம் பேர், எல்லோரும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள், நிரூபிக்கப்படாத ஏற்பாட்டைச் சோதிக்கும் பயணம் இது என்று எழுத்தில் அறிவிக்கப்பட்டவர்கள். ஏறுவது, சாப்பிடுவது, நடனம் பார்ப்பது, நோயாளியைத் தனியறைக்கு மாற்றுவது, இறங்குவது எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும். ஊகத்தை விதியாக்கிவிட்டு உடைவதற்குக் காத்திராமல், முதலில் சோதித்துப் பார்த்து விதியாக்குவது. 2021 ஜூன் 20 அன்று மயாமியிலிருந்து ஃப்ரீடம் ஆஃப் தி சீஸ், தன் நிறுவன ஊழியர்களையே பயணிகளாக ஏற்றிக்கொண்டு அப்படி ஓர் ஒத்திகைக்குக் கிளம்பியது. ஆறு நாள் கழித்து செலிப்ரிட்டி எட்ஜ் கட்டணப் பயணிகளோடு ஃபோர்ட் லாடர்டேலை விட்டுச் சென்றது. 2020 மார்ச்சுக்குப் பின் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து அப்படிச் சென்ற முதல் பெரிய கப்பல் அது.

அமெரிக்காவுக்கு முன்பே மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து 2020 ஆகஸ்டில் எம்எஸ்சி கிராண்டியோசா கிளம்பியபோது, கரையில் சுற்றிப்பார்ப்பதும் கப்பல் நிறுவனம் அழைத்துப்போகும் குழுவோடுதான் என்று விதி. நேப்பிள்ஸ் பகுதியில் குழுவைவிட்டு விலகிச் சுற்றிய ஒரு குடும்பத்தைத் திரும்ப ஏற்றவில்லை. சிங்கப்பூர் இன்னும் கடுமை: நவம்பரில் தொடங்கிய பயணங்கள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பின. டிசம்பர் 9 அன்று குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் வயிற்றுப்போக்கோடு மருத்துவரிடம் வந்த 83 வயதுப் பயணிக்குக் கப்பலின் பரிசோதனை தொற்று என்றது. பயணம் பாதியில் திரும்பியது, 1,680 பயணிகள் அறைக்குள் அமர்ந்தார்கள். கரையில் மறுபடி பரிசோதித்தபோது அவருக்குத் தொற்று இல்லை.

கப்பலின் பரிசோதனை மோசமானது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொற்றில்லாத ஆயிரம் பேரில் ஐவருக்குத் தவறாகத் தொற்று என்று காட்டும் ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல பரிசோதனைதான். 3,000 பேர் உள்ள கப்பலில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லையென்றாலும் அது 15 பேரைக் காட்டிக்கொடுக்கும். ஊரில் நோய் பரவலாக இருக்கும்போது பரிசோதனையின் ‘ஆம்’ பெரும்பாலும் உண்மை. நோய் அரிதாக இருக்கும்போது அதே ‘ஆம்’ பெரும்பாலும் பொய். டிசம்பர் 2020 சிங்கப்பூரில் உள்ளூர்த் தொற்று மிகமிக அரிது. ஆகவே ஒரு முடிவை வைத்துக் கப்பலைத் திருப்பினாலும், இரண்டாம் பரிசோதனை முடியும்வரை தீர்ப்புச் சொல்லாமலிருப்பதே சரி. சிங்கப்பூர் அதைத்தான் செய்தது. ‘இல்லை’ என்ற முடிவுக்கும் வேறு வகையில் எல்லை உண்டு: அது மாதிரி எடுத்த நேரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பயணத்துக்கு மூன்று நாள் முன் எடுத்த முடிவு என்பது இரண்டு நாள் என்று குறைக்கப்பட்டதைப் பலர் தொல்லையாகக் கண்டார்கள். கிருமி ஒருவர் உடலில் பெருகும் வேகத்தைப் பார்த்தால், அந்த ஒரு நாளில் ‘இல்லை’ என்பது ‘ஆம்’ ஆகிவிட முடியும்.

தடுப்பூசி வந்ததும் கணக்கு மாறியது. பணியாளர்களில் 98 சதவீதமும் பயணிகளில் 95 சதவீதமும் தடுப்பூசி போட்டிருந்தால் ஒத்திகைப் பயணம் வேண்டியதில்லை என்றது சிடிசி. இங்கேதான் கிருமியோடு தொடர்பில்லாத காரணங்களுக்காக விதி ஆடத்தொடங்கியது. தடுப்பூசிச் சான்று கேட்கும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு முறைக்கும் 5,000 டாலர் அபராதம் என்று ஃப்ளோரிடா மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. சிடிசிக்கு இப்படி ஆணையிட அதிகாரம் இல்லை என்று வழக்கும் போட்டது. ஜூன் 18 அன்று கூட்டாட்சி நீதிபதி ஸ்டீவன் மெரிடே மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். ஜூலை 17 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஜூலை 23 அன்று தன் முடிவைத் தானே திரும்பப் பெற்றது. ஐந்து வாரத்துக்குள் கட்டாயம், பரிந்துரை, கட்டாயம், மறுபடி பரிந்துரை. விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்று மக்கள் கோபப்பட்டபோது, அறிவு வளர்ந்ததால் வந்த மாற்றத்தையும் அதிகாரச் சண்டையால் வந்த மாற்றத்தையும் பிரித்துச் சொல்ல யாருமில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பழியை அறிவியல் சுமந்தது. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஒமைக்ரான் கடைசி ஊகத்தை உடைத்தது: தடுப்பூசி போட்டவர் பரப்ப மாட்டார். 2021 டிசம்பர் முதல் பாதியில், இரண்டு வாரத்தில் அமெரிக்கக் கப்பல்கள் தெரிவித்த தொற்றுகள் 162. அடுத்த இரண்டு வாரத்தில் 5,013. ஏறக்குறைய எல்லோரும் தடுப்பூசி போட்ட கப்பல்கள் அவை. டிசம்பர் 30 அன்று, தடுப்பூசி போட்டிருந்தாலும் கப்பல் பயணம் வேண்டாம் என்றது சிடிசி. அடுத்த சில நாளில் மும்பையிலிருந்து கோவா சென்ற கார்டீலியா கப்பலில் சுமார் 2,000 பேரைப் பரிசோதித்ததில் 66 பேருக்குத் தொற்று. தடுப்பூசி தோற்றுவிட்டதா? கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் அது காத்தது. மூக்கில் கிருமி சிறிது காலம் பெருகுவதைத்தான் முழுதாகத் தடுக்க முடியவில்லை. இந்த வேறுபாடு புரிந்த பிறகு, ஒரு கப்பலில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதைவிட எத்தனை பேருக்கு மருத்துவமனை தேவைப்படுகிறது என்ற கேள்வி முன்னே வந்தது. நிபந்தனை ஆணை 2022 ஜனவரி 15 அன்று காலாவதியானது. பயண எச்சரிக்கை மார்ச் 30 அன்று நீங்கியது. ஜூலை 18 அன்று சிடிசி கப்பல்களுக்கான தன் கோவிட் திட்டத்தையே முடித்துக்கொண்டது. பரிசோதனை வேண்டுமா, சான்று வேண்டுமா என்பதை அதன்பின் நிறுவனங்களும் துறைமுக நாடுகளும் தீர்மானித்தன.

இப்போது அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் எஞ்சி நிற்பது, கோவிடுக்கு முன்பே இருந்த கப்பல் சுகாதாரத் திட்டம். 1970களில், வயிற்றுப்போக்கு நோய்களுக்கு எதிராகத் தொடங்கியது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து அடுப்படி முதல் குடிநீர்த் தொட்டி வரை பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 85ம் அதற்குக் கீழும் தோல்வி. பயணிகளில் 3 சதவீதம் பேருக்கு வயிற்று நோய் வந்தால் பொதுவில் அறிவிக்கப்படும். பணியாளர்களில் 3 சதவீதம் பேருக்கு வந்தாலும் அறிவிக்கப்படும். இரண்டும் தனித்தனிக் கணக்கு. வயிற்றுப்போக்கு கண்ட பணியாளர் உணவைக் கையாள்பவராக இருந்தால், அறிகுறி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கு வரக் கூடாது. மற்ற பணியாளர்களுக்கு அது 24 மணி நேரம். உணவைத் தொடும் கை ஒரு கப்பலில் எத்தனை பேரை எட்டும் என்பதை அந்தக் கையேட்டை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். 2020 பிப்ரவரியில், மூன்றாம் தளத்தில் காய்ச்சல் பரவத்தொடங்கிய நாள்களில், அந்த அறிவு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை. அச்சிட்ட பக்கமாகவே இருந்தது.